வேஸ்ட் என்னும் சொல்லும் மரக்காணக் கரையும்

மரக்காணத்து உப்பளத்தில் கோடை நடுவே ஒரு நாள் கனத்த மழை பெய்துவிட்டால் பாத்தியில் பூத்திருந்த உப்பு முழுக்கக் கரைந்துவிடும். வாரிக் குவித்த உப்பும் கீற்று போட்டு மூடாமல் இருந்தால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். ‘எல்லாம் வீணாப் போச்சி’ என்பார்கள். ஆனாலும் மழை விட்டதும் வேலை தொடங்கிவிடும். தேங்கிய மழைநீரை வடிக்க வேண்டும். இளகிப்போன களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். பிறகு கழியிலிருந்து உப்புநீரை வாய்க்கால் வழியே ஏற்றி, முதல் பாத்திகளில் காயவைத்து, நீர் கெட்டிப்பட்ட பின்பே உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். வெயில் ஒத்துழைத்தால் மறுபடியும் உப்பு வாரலாம். போனது கூலியும் உழைப்பும். அளம் அப்படியே இருக்கிறது. விளைவு வீணாவதும் நிலம் வீணாவதும் வேறு வேறு என்பதை உப்பளத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அளத்தையும் அதைச் சுற்றியுள்ள கழியையும் சதுப்பையும் மேய்ச்சல் வெளியையும் குறிக்க, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வருவாய்த்துறை கையாண்டுவரும் ஆங்கிலச் சொல்லில் இந்த வேறுபாடு கிடையாது. ‘வேஸ்ட்’ என்பது அந்தச் சொல். இன்று அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. குப்பை, வீண், பயனற்றவன், தரிசு நிலம், பாழ்படுத்துதல் என்று அதற்குப் பல பொருள்கள். அவற்றில் எவையெவை நம் கரைக்கு வந்தன, எது வராமல் போனது என்பதைப் பார்ப்பது அகராதி வேலை மட்டும் இல்லை. எந்தப் பொருள் பதிவேட்டில் ஏறியதோ அதன்படியே ஒரு நிலத்தின் தலைவிதி முடிவாகியிருக்கிறது. மரக்காணத்தில் அதை நேரில் பார்க்கலாம்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘வாஸ்டுஸ்’ என்றால் வெறுமையானது, ஆளற்றது, எல்லை தெரியாமல் பரந்தது. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பரந்துபட்டதைச் சொல்லும் ‘வாஸ்ட்’, பேரழிவைச் சொல்லும் ‘டிவாஸ்டேஷன்’ ஆகிய இரண்டும் அதன் உடன்பிறப்புகள். ஆள் இல்லாத இடமும் அழிக்கப்பட்ட இடமும் தொடக்கத்திலேயே ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டன. குப்பை, கழிவு என்ற பொருள்கள் பின்னால் சேர்ந்தவை.

இதை மட்டும் வைத்து ஆங்கிலத்தைக் குறை சொல்ல முடியாது. நம் ‘பாழ்’ என்ற சொல்லும் அப்படிப்பட்டதுதான். பரிபாடலில் அது எண் வரிசையில் சூனியத்தின் இடத்தில் நிற்கிறது. சைவ மெய்யியலில் முப்பாழ் என்பது அழிவைக் குறிப்பதில்லை. எல்லாம் ஒடுங்கும் வெட்டவெளி அது. அதே சொல் பாழடைந்த மண்டபம், பாழுங்கிணறு, பாழாய்ப் போனவன் என்று இறங்கியும் வருகிறது. வெறுமையும் அழிவும் அக்கம்பக்கம் வாழும் பொருள்கள் என்பது இரண்டு மொழிகளுக்கும் பொது. வேறுபாடு சொல்லில் இல்லை, அதை எந்தக் கணக்கோடு முடிச்சுப் போட்டார்கள் என்பதில் இருக்கிறது.

படையெடுப்பில் ஊரை அழிப்பது என்ற பழைய பொருளைத்தான் இந்தக் கரை முதலில் பட்டறிந்தது. மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில், கழிமுகத்தின் ஓரத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய அந்தக் கோட்டை ஒரு காலத்தில் நாணயச்சாலை இருந்த துறைமுகம். 1750இல் தக்காணச் சுபேதார் முசாபர் ஜங் அதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தார்கள். அடுத்த ஆண்டு புதுச்சேரியும் தரைமட்டமானது. இருபது ஆண்டுகள் கழித்து, 1780இல் மைசூரின் ஹைதர் அலியின் படை, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டு நவாபின் நாட்டில் இறங்கியபோது, எதிரிக்கு ஒரு பிடி தானியமும் கிடைக்கக்கூடாது என்று ஊர்கள் எரிக்கப்பட்டன, ஏரிகள் உடைக்கப்பட்டன. ஆங்கில ஆவணங்கள் அதற்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தின. 1785இல் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் பேசியபோது அந்த அழிவை விரிவாக எடுத்துச் சொன்னார். இங்கே சொல்லுக்கும் பொருளுக்கும் பிணக்கு ஏதும் இல்லை. அழித்தவர் யார், அழிந்தது எது என்று கேட்டால் விடை இருக்கிறது.

பிணக்கு வரும் இடம் வருவாய்க் கணக்கு. 1689இல் வெளிவந்த அரசியல் நூலில் ஜான் லாக் ஒரு கருத்தை நிறுவினார். மனித உழைப்பு படாமல், உழப்படாமல், மேய்ச்சலாகவும் திருத்தப்படாமல் இயற்கையின் போக்கில் விடப்பட்ட நிலம் வீண் நிலம். அதை உழைத்துத் திருத்துகிறவனே அதற்கு உரியவன். அமெரிக்கப் பழங்குடிகளின் நிலத்தை மனத்தில் வைத்து எழுதியது அது. அந்தக் கண்ணோட்டத்தில் வளர்ந்தவர்கள்தான் நூறு ஆண்டு கழித்து இங்கே நிலவரித் திட்டம் வகுத்தார்கள். சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு விடை வேண்டும்: தீர்வை உண்டா, இல்லையா? தீர்வை விதித்தும் பயிர் ஏறாமல் கிடப்பது ஒருவகை ‘வேஸ்ட்’. விதிக்காமலே கிடப்பது இன்னொரு வகை. கிராமக் கணக்குகளில் இவை ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று எழுதப்பட்டன. ஏரி, ஓடை, மேய்க்கால், மந்தைவெளி, சுடுகாடு ஆகியவை புறம்போக்கு ஆயின. கஜானாவுக்குக் காசு தராத நிலம் என்பதைச் சொல்ல, அழிந்த நிலம் என்று பொருள்படும் சொல்லை எடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதை உண்மை என்றே நம்பிவிட்டார்கள்.

‘தரிசு’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். உழவர் வழக்கில் தரிசு என்பது ஒரு நிலத்தின் குணம் ஆகாது. அதன் ஆண்டுச் சுற்றில் ஒரு கட்டம். டெல்டாவில் சம்பா அறுவடைக்குச் சற்று முன், நெல் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளிப்பார்கள். அதற்கு வேளாண்துறையே வைத்திருக்கும் பெயர் ‘நெல் தரிசு உளுந்து’. உளுந்து விளையும் தரிசு! ஓராண்டு போட்டுவைத்தால் மண் தேறும் என்று விட்ட கொல்லையும் தரிசுதான். வருவாய்க் கணக்கில் ‘வேஸ்ட்’டுக்கு ஈடாக உட்கார்ந்த நாளிலிருந்து அந்தச் சொல், ஓய்வில் இருப்பதையும் ஒன்றுக்கும் உதவாததையும் ஒன்றாக்கிவிட்டது. புறம்போக்கு இன்னும் கீழே இறங்கி வசைச்சொல் ஆனது. தீர்வைக்குப் புறத்தே ஊர்ப்பொதுவுக்கென ஒதுக்கிய நிலத்தின் பெயரை மனிதனைத் திட்டப் பயன்படுத்துகிறோம். 2017 பொங்கலின்போது டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’, எண்ணூர்க் கழியை முன்வைத்து அந்தச் சொல்லின் மானத்தை மீட்க முயன்றது. கபேர் வாசுகி எழுதிய வரிகள் அவை. கர்நாடக இசை மேடை அறிந்த குரல் ஒன்று அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழியில் நின்று பாடியதை நான் பெரிய செயலாகவே மதிக்கிறேன்.

வரி தராத நிலத்தை நம் முன்னோர் எப்படி எழுதினார்கள்? தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்த முதலாம் இராஜராஜனின் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊரின் மொத்த அளவைச் சொல்லிவிட்டு அதிலிருந்து இறை கட்டாத நிலங்களைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு என ஒவ்வொன்றும் தன் பெயரோடு, தன் அளவோடு வருகிறது. அந்தப் பட்டியலில் சாதிவாரியாகப் பிரித்த சேரிகள் இருப்பதையும் மறைக்க வேண்டாம். அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு முறையைத்தான் சொல்கிறேன். வரி இல்லை என்பதற்காக ஒரு குளம் தன் பெயரை இழக்கவில்லை. பிரமதேயச் சாசனங்களில் இன்னும் நுட்பமாக, உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும் எல்லைக்குள் அடங்கும் என்று சொல்லும் மரபு உண்டு. களரும் உவரும் தனித்தனியாகச் சுட்டப்படுகின்றன. உழ முடியாத நிலம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பயன் தராத களர்நிலத்துக்குக் கல்லாதவரை ஒப்பிட்டவர் திருவள்ளுவர். தெரிந்தும் அந்த நிலத்தை அதன் பெயராலேயே எழுதினார்கள்.

உப்பு விஷயத்தில் சங்கப் புலவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உப்பு விளைவிப்போரை ஏர் பூட்டாத உழவர்கள் என்று நற்றிணை காண்கிறது. களர், உவர் என்று கழனிக்காரன் ஒதுக்கும் மண் நெய்தல் நிலத்தவனுக்கு விளைநிலம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுகிறது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். கழிகளுக்கு இடைப்பட்ட நாடு என்ற அந்தப் பெயரில் இன்றும் மரக்காணத்துக்கு வடக்கே பேரூராட்சி இருக்கிறது. தன்னைக் கழியால் அடையாளப்படுத்திக்கொண்ட நிலப்பகுதி இது.

காலனியக் கணக்கு இங்கே ஒரு கொடுமையான முரணை உண்டாக்கியது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகம் ஆனது. அளத்தில் விளைந்ததை அரசு வாங்கி, வரி சேர்த்து விற்றது. கழியோரத்துச் சேற்றில் தானாகப் பூத்த உப்பை ஏழைகள் அள்ளினால் குற்றம். கேட்பாரற்று விளைந்த அந்த உப்பை அழிப்பது அதிகாரிகளின் வேலைகளில் ஒன்று. ஒன்றும் விளையாத பாழ் என்று எழுதிய அதே நிலத்தில் விளைந்ததை ஆள் விட்டு மண்ணோடு மிதித்தார்கள். 1930இல் தண்டிக் கரையில் காந்தி உப்பெடுக்க வருமுன் அங்கிருந்த உப்பைச் சேற்றில் கலந்துவிட்டிருந்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. அதே ஏப்ரலின் கடைசி நாளில் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தை வரிக்கு எதிரான போராட்டமாகவே பள்ளியில் படிக்கிறோம். ‘வேஸ்ட்’ என்று எழுதிய நிலத்தின் விளைச்சல் யாருக்கு என்ற கேள்வியும் அதில் இருந்தது.

மலையிலும் இதே கதைதான், பயிர் மட்டும் வேறு. 1861இல் கானிங் பிரபுவின் தீர்மானம் ‘வேஸ்ட்’ நிலங்களை விற்க வழி செய்தது. அந்த நிலங்களில் உரிமை கோருவோரை விசாரிக்க 1863இல் தனிச் சட்டமே வந்தது. நீலகிரியில் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி தேயிலைக்கும், பிறகு சீகைக்கும் தைலமரத்துக்கும் போனது.

மரக்காணத்துக்குத் திரும்புவோம். மரக்காணம், வானூர் வட்டங்களில் கடலுக்கு இணையாகக் கழுவெளி கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்கிறது. வடகிழக்கில் உப்புக்கள்ளி ஓடையும் இடையன்திட்டுக் கழிமுகமும் அதைக் கடலோடு இணைக்கின்றன. அதனால் ஒரு முனையில் நன்னீர், மறுமுனையில் உப்புநீர், நடுவே இரண்டும் கலந்த நீர். மழைக்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். கோடையில் வெடித்த சேறும் கோரையும். நன்னீர்ப் பக்கம் சம்பு வளர்கிறது, உப்புப் பக்கம் கண்டல் மரங்கள் திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கின்றன. வட ஆசியாவிலிருந்து வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே இறங்குகின்றன. பூநாரைகள் கழுவெளியிலும் அதையொட்டிய உப்பளப் பாத்திகளிலும் ஒரேமாதிரி மேய்கின்றன. அவற்றுக்குப் பட்டா எல்லை தெரியாது.

கழுவெளி என்பது இந்த ஓர் இடத்தின் பெயர் மட்டும் இல்லை. வடதமிழ்நாட்டில் இப்படிப்பட்ட சதுப்புகளுக்கெல்லாம் பொதுப்பெயர். சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் பதிவேடுகளில் ‘கழுவெளிப் புறம்போக்கு’ என்றே இருந்தன. நீர் வந்து நின்று மெல்ல வடியும் நிலம் என்று நம்மவர் துல்லியமாகப் பெயர் சொன்ன ஒன்றை, நவீன நிர்வாகம் வீண் நிலம் என்று படித்தது. விளைவு தெரிந்ததே. பெருங்குடியில் மாநகரக் குப்பை கொட்டினார்கள். ‘வேஸ்ட்’ நிலம் என்று எழுதிய இடத்தில் ‘வேஸ்ட்’ போய்ச் சேர்ந்தது. சொல்லின் இரண்டு பொருள்கள் அங்கே சந்தித்துக்கொண்டன என்று சொன்னால் வெறும் சொல்விளையாட்டு ஆகாது. அந்தக் குப்பைமலையின் புகையை மூச்சில் இழுத்தவர்களுக்கு அது தெரியும். தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள் வந்தன, சாலைகள் வந்தன. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பில் மிஞ்சியதில் 317 ஹெக்டேரை 2007இல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை மூழ்கியபோது, அந்த ‘வீண் நிலம்’ என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று ஊருக்குப் புரிந்தது. புரிந்தது என்பது சரியா, நினைவுக்கு வந்தது என்பது சரியா? தண்ணீர் எங்கே நிற்கும் என்பது பெயரிலேயே எழுதியிருந்ததே.

மரக்காணத்துக் கழுவெளிக்கு அந்த அளவு அடி விழவில்லை. சென்னையிலிருந்து இருந்த தூரம் அதைக் காப்பாற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது. அடி விழாமலும் இல்லை. ஓரங்களை உழுது சேர்த்துக்கொண்டார்கள், 1990களில் இறால் பண்ணைகள் வந்தன. இறால் குளத்துக்குக் கடல்நீர் வேண்டும், தட்டையான களிமண் நிலம் வேண்டும், கேட்பாரற்ற இடம் வேண்டும். மூன்றும் இங்கே உண்டு. நோய் வந்து பண்ணை நொடித்தால் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்; உவரேறிய மண்ணும் கிணறும் ஊர்க்காரர்களுக்கு. அதுவரை பாழாக இல்லாத இடம் அப்போதுதான் உண்மையிலேயே பாழாகிறது.

இந்தக் கொடுமையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் ஒரு பகுதி இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியம். விளைநிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, ஈரநிலம், வனநிலம், ஊர்ப்பொது நிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றக்கூடாது என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு ஆணையிட்டது. வருவாய்க் கணக்கு ஒரே கூடையில் போட்டிருந்தவற்றை நீதிமன்றம் தனித்தனியாகப் பெயர் சொல்லி எடுத்து வைத்தது. பின்னால் 2005இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளை அனுமதி முறைக்குள் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பின் கூர்மையை மழுக்கிவிட்டது என்பதே என் எண்ணம். ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியல் தீர்ப்பில் அப்படியே இருக்கிறது. வழக்காடுவோர் அதை மறக்காமல் எடுக்க வேண்டும்.

2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேருக்குச் சற்று மேல். 2024 ஆகஸ்டில் அது ராம்சார் தலம் என்ற செய்தி வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. மரக்காணத்தின் அளங்கள் நீரில் மூழ்கின. இப்படிப் பொழியும் மழையைத் தாங்கி நிறுத்தி மெல்லக் கடலுக்கு விடத்தான் கழுவெளியும் கழிமுகமும் இருக்கின்றன.

ஒரு பக்கம் இப்படிப் பெயர் மாறிக்கொண்டிருக்க, மறுபக்கம் பழைய சொல் புதிய கருவிகளோடு தொடர்கிறது. 1985இல் மத்திய அரசு தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியத்தை நிறுவியது. ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தரிசுநில வரைபடத் தொகுப்பு தயாரிக்கிறது. 2019இல் வெளிவந்த தொகுப்பின்படி நாட்டின் பரப்பில் 16.96 விழுக்காடு, அதாவது ஐந்தரைக் கோடி ஹெக்டேருக்கு மேல், ‘வேஸ்ட்’ நிலம். அதன் 23 வகைகளில் நீர் தேங்கும் சதுப்பு உண்டு, உவர்நிலம் உண்டு, புதர்க்காடு உண்டு, கடற்கரை மணலும் உண்டு. ஒரு நெய்தல் திணையையே அந்தப் பட்டியலுக்குள் அடக்கிவிடலாம். நோக்கம் கெட்டது என்று சொல்லவில்லை. அரிப்பெடுத்த, சுரங்கம் தோண்டிக் குலைத்த நிலங்களைக் கண்டறிய இந்த வரைபடங்கள் உதவுகின்றன. ஆனால் சுரங்கக் கழிவு மேட்டையும் உயிருள்ள சதுப்பையும் ஒரே தலைப்பில் வைத்தால், இரண்டுக்கும் ஒரே மருந்துதான் எழுதுவார்கள். காட்டாமணக்கு நடு, சூரியத் தகடு பதி, தொழிற்பேட்டைக்குக் கொடு என்று அந்த மருந்து காலத்துக்குக் காலம் மாறும்.

உப்பளத்தின் நிலைமை இன்னும் விசித்திரம். ராம்சார் உடன்படிக்கை, மனிதன் உண்டாக்கிய ஈரநில வகைகளில் உப்பளத்தையும் வைக்கிறது. நம்முடைய 2017 ஈரநில விதிகளோ உப்பு உற்பத்திக்கென அமைத்த நீர்நிலைகளை ஈரநில வரையறையிலிருந்து விலக்குகின்றன. கழுவெளியில் காலையில் நிற்கும் பூநாரை உலகப் புகழ்பெற்ற ஈரநிலத்தில் நிற்கிறது. அது பறந்து வரப்புக்கு இந்தப் பக்கம் இறங்கினால் சட்டப்படி ஈரநிலமே இல்லாத இடத்தில் மேய்கிறது. உற்பத்தி நடக்கும்வரை அளத்துக்கு உப்பே காவல். தொழில் நொடித்தால், குத்தகை முடிந்தால், அது என்ன நிலம்? மும்பையில் விடை தெரிந்துவிட்டது. அங்கே 2024இல் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தைத் தாராவி மக்களுக்கு வீடு கட்டுவதற்காக மாநில அரசுக்கு மாற்ற மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

பேச்சுத்தமிழில் இந்தச் சொல் எடுத்த வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைம் வேஸ்ட், தண்ணீர் வேஸ்ட், ‘அவன் சுத்த வேஸ்ட்’. இவற்றில் தீர்ப்புத் தொனி உண்டு. தொழிற்கூடங்களில் மட்டும் அது நடுநிலையான சரக்குப் பெயர். எண்ணெய்க் கையைத் துடைக்க லேத் பட்டறையில் ‘பனியன் வேஸ்ட்’ கிலோக் கணக்கில் வாங்குவார்கள். கொங்கு நாட்டில் நூற்பாலைக் கழிவுப்பஞ்சை வாங்கி மறுபடி நூலாக்கும் ஓப்பன் எண்ட் மில்கள் ஏராளம். அங்கே ‘வேஸ்ட்’டுக்குத் தரம் உண்டு, விலை உண்டு, தட்டுப்பாடும் உண்டு. தூத்துக்குடி அளங்களில் உப்புக்கு முன் படியும் ஜிப்சமும் இப்படித்தான் காசாகிறது. ஒரு பொருள் வீணா இல்லையா என்பது அதைக் கையாள்பவரின் இடத்தைப் பொறுத்தது என்பதைத் தொழிலாளிகள் பேச்சு அறிந்துவைத்திருக்கிறது.

மிஞ்சியிருப்பது சட்டத்தின் பொருள். நம் கரைக்கு முழுதாக வந்து சேராத பொருள் அதுதான் என்பது என் வாதம். பழைய ஆங்கிலச் சட்டத்தில் ‘வேஸ்ட்’ என்பது ஒரு குற்றச்சாட்டு. நிலத்தைத் தற்காலிகமாக அனுபவிப்பவன், குத்தகைதாரனோ ஆயுள் உரிமையாளனோ, அடுத்து வரவேண்டியவனுக்குக் கேடு வரும்படி அதைச் சீர்குலைத்தால் அது ‘வேஸ்ட்’. மரத்தை வெட்டுவது, வீட்டை இடியவிடுவது எல்லாம் அதில் அடங்கும். 1267இல் மார்ல்பரோ சட்டம் குத்தகைதாரர்களை அப்படிச் செய்யக்கூடாது என்று தடுத்தது. 1278இல் குளூஸ்டர் சட்டம், பாழாக்கியவன் அந்த இடத்தை இழப்பதோடு இழப்பின் மதிப்பைப் போல மூன்று மடங்கு கொடுக்க வேண்டும் என்றது. இந்தப் பொருளில் நிலம் ஒருபோதும் ‘வேஸ்ட்’ ஆக இருக்க முடியாது. மனிதன் செய்யும் செயல்தான் ‘வேஸ்ட்’.

இந்தியச் சட்டத்திலும் இது இருக்கிறது, தனியார் சொத்துக்கு மட்டும். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, அடமானம் வைத்தவர் சொத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு பாழாக்குவதைத் தடுக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளைப்படி, வழக்கிலுள்ள சொத்து பாழாகும் ஆபத்து இருந்தால் தற்காலிகத் தடையாணை வாங்கலாம். 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 368ஆம் பிரிவு, உயில் நிறைவேற்றுபவர் இறந்தவரின் சொத்தைச் சீரழித்தால் அவரே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன் தோப்பை வெட்டுகிறான் என்று தம்பி ஓடிப்போய்த் தடையாணை வாங்குகிறானே, அது இந்தப் பொருளின் பலன்தான்.

ஒரே அரசு ஒரே சொல்லை இரண்டு வாசல் வழியாகக் கொண்டுவந்தது. நீதிமன்ற வாசலில் அது சொத்தைக் காக்கும் சொல். தாலுகா அலுவலக வாசலில் சொத்தைக் கைகழுவும் சொல். தனியாருக்கு முதலாவது கிடைத்தது, ஊர்ப்பொதுவுக்கு இரண்டாவது. இறால் பண்ணைத் தீர்ப்பு வந்த இரண்டே நாளில், 1996 டிசம்பர் 13 அன்று, அதே குல்தீப் சிங் அமர்வு பியாஸ் ஆற்றங்கரை விடுதி வழக்கில், ஆறு, கடற்கரை, காடு போன்றவற்றுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்ற பொதுப் பொறுப்புரிமைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அறங்காவலர் என்றால் சொத்தைப் பாழாக்குவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர். நீர்நிலைப் புறம்போக்கு ஆக்கிரமிப்புகளை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் ஆணையிட்டது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப்பொது நிலங்களை மீட்கும் திட்டம் வகுக்க மாநிலங்கள் அனைத்துக்கும் கட்டளையிட்டது. பழைய ஆங்கிலச் சட்டம் குத்தகைதாரனுக்கு விதித்த கடமையை, நம் நீதிமன்றங்கள் வேறு பெயரில் அரசுக்கு விதித்திருக்கின்றன.

வருவாய்த்துறை அந்தப் பொருளைத் தன் பதிவேட்டில் ஏற்றுவது அப்படியொன்றும் கடினமான காரியம் இல்லை. ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகளை எடுத்துச் சரிபார்க்கிறார்கள். சரணாலய எல்லைக்கு வெளியே கழுவெளிக்கு நீர் தரும் ஏரிகளின் ஓடைகள், மழைக்குப்பின் நீர் நிற்கும் தாழ்நிலங்கள், உற்பத்தி நின்றுபோன அளங்கள் என அடங்கலிலும் அ-பதிவேட்டிலும் தரிசு என்று நிற்கும் எண்களை எடுத்து, கழி, கழுவெளி, உவர், களர், அளம், மேய்க்கால் என்று அந்தந்த நிலத்தின் பெயரை எழுதலாம். கிராமத்தில் கேட்டால் எந்த எண் எது என்று சொல்லிவிடுவார்கள். 2017 விதிகள் விலக்கிவைத்த உப்பளங்களில், சரணாலயத்தை ஒட்டியுள்ளவற்றை மட்டுமாவது, உப்புத்தொழிலுக்குக் குந்தகம் வராமல் ஈரநிலப் பாதுகாப்பின் நிழலுக்குள் கொண்டுவரலாம். உப்பு வாருகிறவர் அங்கே இருக்கும்வரை பறவைக்கும் இடம் உண்டு. அவருடைய கூலியும் மழைக்கால நிவாரணமும் முறையாகக் கிடைத்தால்தான் அவர் இருப்பார். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவருக்குத் தரும் உதவியைப் போலத் தங்களுக்கும் வேண்டும் என்று உப்பளத் தொழிலாளர் நெடுநாள் கேட்டபின், தமிழக அரசு மழைமாதங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகையைத் தொடங்கிவைத்திருக்கிறது. அளத்தில் வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் கழுவெளி நிறைகிறது, வலசைப் பறவைகளும் வந்து இறங்குகின்றன.